எங்கள் வீட்டுச் சாயத் தண்ணீர்

என்னைப் பேசக் கூப்பிடும் இடங்களில் கடைசியாக ஒரு கேள்வி வரும். சாயப்பட்டறைகளிலிருந்து வெளியேறும் தண்ணீரைக் கேமராவால் பார்த்து, அது சுத்தமா இல்லையா என்று தானாகவே சொல்லும் கருவியைச் செய்யவேண்டுமென்று உங்களுக்கு எப்படித் தோன்றியது? நானும் மைக்கைப் பிடித்துக்கொண்டு, சின்ன வயதிலிருந்தே ஆறு என்றால் எனக்கு ஆசை என்பேன். கைதட்டுவார்கள். சுத்தப் பொய். நான் வளர்ந்த காலத்தில் எங்கள் ஊர்க் கமண்டல நாகநதியில் மணலும் முள்ளும்தான் இருந்தன. அதன்மேல் யாருக்கு ஆசை வரும்? எனக்கு வந்தது கோபம். எட்டாம் வகுப்பில் பிடித்த கோபம். அந்தக் கோபத்தில்தான் படித்தேன். அந்தக் கோபத்தில்தான் கம்ப்யூட்டருக்குத் தண்ணீரின் நிறத்தைக் கற்றுக்கொடுத்தேன். செயற்கை நுண்ணறிவு என்று இப்போது எல்லோரும் வாய் நிறையச் சொல்கிறார்களே, அதில் என் பிழைப்பு அமைந்ததும் அப்படித்தான். மேடையில் இதைச் சொன்னால் கைதட்ட மாட்டார்கள் என்பதால் சொல்வதில்லை.

ஆரணியில் எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடுகளின் பின்கட்டு சாயப்பட்டறைதான். பட்டுப்புடவை நெய்கிறவர்களுக்கு நூலைக் கழி கழியாக, கட்டுக் கட்டாகச் சாயம் போட்டுக் கொடுப்பது தொழில். முதலாளிகள் நூல் கொடுப்பார்கள். நாங்கள் நிறம் கொடுப்போம். விடிவதற்குள் அண்டாவில் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்துவிடும். வேலை முடிந்த தண்ணீர் வீட்டுக்கு அடியில் குழாய் வழியாக வந்து தெருக்கால்வாயில் விழும்.

அந்தக் கால்வாயை எங்கள் தெரு படிக்கும். பல் தேய்த்துக்கொண்டே படிக்கும், பால் வாங்கிக்கொண்டே படிக்கும். "அவுங்க வூட்ல இன்னிக்கி மயில்கழுத்து ஓடுது, எங்கியோ பெரிய எடத்துக் கல்யாணம்" என்பார்கள். யார் வீட்டுக் குழாயில் அரக்கு வருகிறதோ அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது என்று அர்த்தம். யார் வீட்டுக் குழாயில் பாத்திரம் கழுவிய தண்ணீர் மட்டும் வருகிறதோ, அந்த வீட்டைப் பார்த்து உச்சுக்கொட்டுவார்கள். இரண்டு வாரம் அப்படியே போனால் உச்சுக்கொட்டுவதையும் நிறுத்திவிடுவார்கள். நூல் கொடுக்கும் முதலாளியின் ஆளும் சைக்கிளில் வரும்போது முதலில் பார்ப்பது கால்வாயைத்தான். கலர் ஓடுகிற வீட்டுக்குத்தான் நூல் இறங்கும். வேலை இருக்கிறவனுக்குத்தான் மேலும் வேலை. இந்த அழகான நியாயத்தை யாரும் தவறென்று சொல்லி நான் கேட்டதில்லை.

எங்களுக்கு நேர் எதிர்வீடு பெரியப்பா வீடு. அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். இருவரும் ஒரே அண்டாவில் தொழில் பழகியவர்கள். தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அண்ணன் தம்பிக்குக் கேட்கவேண்டுமா? இருவரும் நேருக்கு நேர் பேசுவதில்லை. அப்பாவுக்குச் சொல்லவேண்டியதைப் பெரியப்பா என்னிடமோ தெருநாயிடமோ சொல்வார். அவருடைய கடைசி மகன் என் வகுப்பில் படித்தான்.

நாங்கள் எட்டாம் வகுப்பு படித்த வருஷம் பள்ளியில் அறிவியல் கண்காட்சி என்றார்கள். ஆரணி வட்டாரப் பள்ளிகளெல்லாம் கலந்துகொள்ளும். அதில் ஜெயித்தால் திருவண்ணாமலைக்குப் போகலாம். நான் அதுவரை திருவண்ணாமலைக்குப் போனதெல்லாம் சாமி கும்பிடத்தான். என் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிடுகிற ஒரு திருவண்ணாமலைக்குப் போகவேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது.

நான் செய்தது இதுதான். ஒரு எண்ணெய் டின்னின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, கீழே கூழாங்கல், மேலே ஆற்றுமணல், அதற்கும் மேலே அரிசி ஆலையில் பாதி எரிந்து கருகிக் கிடக்கும் உமி. கரி அழுக்கைப் பிடிக்கும் என்று அறிவியல் டீச்சர் சொல்லியிருந்தார். கரித்துண்டு பிடித்தால் கருகிய உமி பிடிக்காதா என்பது என் யோசனை. ஆரணியில் சாயத்துக்கும் பஞ்சமில்லை, உமிக்கும் பஞ்சமில்லை. ஒரு தொழிலின் குப்பை இன்னொரு தொழிலின் குப்பையைத் தின்னட்டும். இன்றைக்கு இதைப் பெரிய கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லித்தருகிறார்கள். எனக்கு அன்றைக்கு இலவசமாகத் தோன்றியது.

அதோடு விடவில்லை. பேருந்து நிலையத்தருகே ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த அண்ணனை நச்சரித்து, வெளிச்சம் பட்டால் உணரக்கூடிய ஒரு சின்ன வில்லையை வாங்கினேன். கண்ணாடி பாட்டிலின் ஒரு பக்கம் டார்ச் பல்பு, மறுபக்கம் வில்லை. பாட்டிலில் இருக்கும் தண்ணீர் தெளிவாக இருந்தால் வெளிச்சம் ஊடுருவிப் போய்ப் பச்சை விளக்கு எரியும். கலங்கியோ கலராகவோ இருந்தால் எரியாது. இதற்குக் 'கண்' என்று பெயர் வைத்தேன். மனிதர் பார்வையில் ஓரவஞ்சனை இருக்கும், இதற்கு இருக்காது என்று டீச்சரிடம் வசனம் பேசினேன்.

உமியைக் கொண்டுவந்தது அப்பா. நான் கேட்கக்கூட இல்லை. டின்னை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துச் சிரித்தவர், மறுநாள் சாயங்காலம் சைக்கிளின் பின்னால் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்தார். "மில்லுல சும்மா கெடந்துச்சு" என்றார். அவர் தலைமுடியெல்லாம் உமித்தூள்.

அம்மாவிடம் அனுமதி வாங்கி, எங்கள் வீட்டுக் குழாய் தெருக்கால்வாயில் விழும் இடத்திலேயே டின்னைப் பொருத்தினேன். காலையில் உள்ளேயிருந்து ரோஜா நிறத்தில் தண்ணீர் வந்தது. டின்னுக்குள் போய் வெளியே வந்தபோது கிணற்றுத் தண்ணீர். பாட்டிலில் பிடித்துக் கண்ணில் வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டுக் குழாயில் தெளிந்த தண்ணீர்தான் ஓடியது. ஆரணி வரலாற்றிலேயே முதல்முறை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வரலாறு இப்படி முடிந்தது. பெரியப்பா வாயில் வேப்பங்குச்சியோடு கால்வாயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இன்னா பாப்பா, உங்க வூட்ல தண்ணி தெளிஞ்சி ஓடுது? உங்கப்பனுக்கு வேலை இல்லியா?" என்றார். நான் பெருமையாக டின்னைக் காட்டினேன். அவர் டின்னைப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டு உள்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. பால்காரர் கேட்டார், தறிக்காரர் வீட்டம்மா கேட்டார். முதலாளியின் ஆள் சைக்கிளை நிறுத்தாமலேயே எங்கள் வீட்டைத் தாண்டிப் போனான். சாயங்காலம் அப்பா வந்ததும் அம்மா என்ன சொன்னாரோ தெரியாது. அப்பா தெருவுக்கு வந்து டின்னைக் காலால் உதைத்தார். கருப்பு உமி கால்வாயெல்லாம் சிதறியது.

"ஏன்ப்பா?" என்று கத்தினேன்.

"ஊரே வேலை இல்லன்னு பேசிகினு இருக்குது! உன்னால பெரிய பேஜாரா பூடுச்சு!"

"வேலைதான் இருக்குதே! தெனம் கலர் தண்ணி வருதே! இருக்குதுன்னு சொல்லேன்!"

அப்பா உள்ளே போனார். அம்மா ஒரு குடம் நிறைய அரக்குத் தண்ணீரைக் கொண்டுவந்து, தெருவே பார்க்கும்படி கால்வாயில் கொட்டினார். அழுக்குத் தண்ணீரை விடுவது கௌரவம், சுத்தமான தண்ணீரை விடுவது அவமானம். இதைவிடப் பைத்தியக்காரத்தனம் உலகத்தில் எந்த ஊரிலாவது உண்டா? இன்றும் கேட்கிறேன், உண்டா?

மறுநாள் எழுந்தபோது புது டின் இருந்தது. அதற்கடுத்த நாள் இன்னொரு மூட்டை உமியும் வந்தது. "தெருவுல வெக்காதே. பின்னால வெச்சி இன்னா வேணா பண்ணிக்கோ" என்றார் அப்பா. அதன்பிறகு அம்மாவே காலையில் சாயத் தண்ணீரைக் குடத்தில் பிடித்துத் தருவார். நான் பின்கட்டில் வடிகட்டுவேன். ஒரு நாளும் பச்சை விளக்கு எரியாமல் இருந்ததில்லை.

கண்காட்சி எங்கள் ஊரிலேயே ஆண்கள் பள்ளியில் நடந்தது. அப்பா தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்து பின்னால் நின்றார். என் மேசைக்கு அடுத்த மேசையில் பெரியப்பா மகனின் எரிமலை. சோடா உப்பு, எலுமிச்சம்பழச் சாறு, பட்டறையில் திருடிய சிவப்புச் சாயப்பொடி. பொங்கிப் பொங்கி வழிந்தது. கூட்டமெல்லாம் அங்கேதான். எரிமலையால் ஆரணிக்கு என்ன ஆகப்போகிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

நடுவர் ஒரு கல்லூரிப் பேராசிரியர். என் டின்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. குனிந்தார், உமியைக் கையில் எடுத்துப் பார்த்தார், கண்ணைப் பற்றிக் கேட்டார். மற்ற மேசைகளில் அவர் இவ்வளவு நேரம் நிற்கவில்லை. எனக்குத் திருவண்ணாமலை தெரிய ஆரம்பித்தது.

"வேற பட்டறைத் தண்ணி ஏதாவது ஊத்திப் பாக்கலாமா?" என்றார்.

மகனின் எரிமலையைப் பார்க்க வந்திருந்த பெரியப்பாவை யாரோ பார்த்தார்கள். அவர் வீடு அங்கிருந்து இரண்டு தெரு. சைக்கிளில் போய், பிளாஸ்டிக் வாளியில் பச்சைத் தண்ணீர் கொண்டுவந்தார். அன்று காலை அவர் பட்டறையில் ஓடிய தண்ணீர். நுரையோடு, இன்னும் லேசான சூட்டோடு இருந்தது. ஊற்றினேன். பச்சையாக உள்ளே போனது பச்சையாகவே வெளியே வந்தது. கண்ணில் வைத்தேன். விளக்கு எரியவில்லை. பாட்டிலைத் தட்டினேன், ஒயரை அழுத்தினேன். எரியவே இல்லை.

"எங்க வூட்டுத் தண்ணிய ஊத்துறேன் பாருங்க சார்!" என்று, அம்மா கேனில் பிடித்துக்கொடுத்திருந்த தண்ணீரை எடுத்தேன். பக்கத்தில் வைத்திருந்த புது டின்னில் ஊற்றினேன். ரோஜா நிறம் உள்ளே போனது, தெளிந்து வந்தது, பச்சை விளக்கு எரிந்தது. கூட்டம் 'ஓ' என்றது.

நடுவர் கேனை வாங்கினார். முகர்ந்தார். இரண்டு விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். "இந்தத் தண்ணி எங்கருந்து எடுத்தே பாப்பா?"

"எங்க வூட்டுப் பட்டறையில சார். எங்கம்மா புடிச்சுக் குடுத்தாங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது பெரியப்பா குறுக்கே வந்தார். கூட்டத்துக்கே கேட்கும்படி, "தப்பு என்னுது சார். என் தண்ணியில ஆசிட்டு ஜாஸ்தியா பூடுச்சு. பாவம், கொழந்த மிஷினு கெட்டுப்போச்சு" என்றார்.

நடுவர் பெரியப்பாவைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். கேனின் மூடியைத் திருகி என்னிடமே கொடுத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். முதல் பரிசு எரிமலைக்கு.

என் வயிறெரிந்ததை நான் எப்படிச் சொல்ல! தன் மகன் ஜெயிக்கவேண்டும் என்று தண்ணீரில் ஆசிட்டைக் கலந்து கொண்டுவந்து, அதை எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொண்டும் விட்டார் ஒரு மனிதர். ஒத்துக்கொண்டபிறகும் அவர் மகனுக்கே பரிசு கொடுக்கிறார்கள். வீடுவரை கத்திக்கொண்டே வந்தேன். அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"அவரே ஒத்துகினாருப்பா! நீ ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"வுடு பாப்பா" என்றார். அவ்வளவுதான்.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. அடுத்த வாரம் நான் பள்ளியிலிருந்து வரும்போது, என் அப்பா எதிர்வீட்டில் பெரியப்பாவோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வருஷக்கணக்காகப் பேசாதவர்கள்! மகளுக்குத் துரோகம் செய்தவனோடு! அதற்குப் பிறகு பெரியப்பா வீட்டிலிருந்தே எங்கள் பட்டறைக்கு நூல் வர ஆரம்பித்தது. அவருக்கு வந்த ஆர்டரில் பாதி எங்களுக்கு. அவர் பெயரைச் சொல்லிவந்த நூலை அப்பா கும்பிடாத குறையாக வாங்கி வைத்தார். எனக்கு அப்பாவின்மேல் இருந்த மரியாதை கப்பலேறியது. பெரியப்பா வீட்டுப் பலகாரம் எதையும் தொடமாட்டேன் என்று சபதம் செய்து, தீபாவளிக்கு வந்த அதிரசத்தை அப்படியே மாட்டுக்கு வைத்தேன். அவர் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவர் அதைக் கண்டதாகவே காட்டிக்கொள்ளமாட்டார்.

என் கருவியும் அத்தோடு கெட்டது. அதற்கப்புறம் எங்கள் வீட்டுத் தண்ணீரைக்கூட அது தெளியவைக்கவில்லை. புது டின், புது உமி எல்லாம் மாற்றிப் பார்த்தேன். நுரையோடு போன தண்ணீர் நுரையோடு வந்தது. அந்த ஆசிட் வாளியோடு ராசியே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பெரியப்பா செய்தது அயோக்கியத்தனம் என்று நிரூபிக்கத்தான் நான் இஞ்சினியரிங் சேர்ந்தேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். இரண்டாயிரங்களில் வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரி. கடைசி வருஷ பிராஜெக்டாக, படத்தைப் பார்த்துச் சாயத் தண்ணீர் சுத்தமானதா என்று கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தேன். அதற்கு நிறைய மாதிரிகள் வேண்டும். அழுக்குத் தண்ணீர், வடிகட்டிய தண்ணீர், அரைகுறைத் தண்ணீர். ஆரணிப் பட்டறைகளிலிருந்து கேன் கேனாகத் தண்ணீர் கொண்டுபோய்க் கருகிய உமியில் விட்டேன். முதல் வேலையாக ஆசிட் சேர்த்துப் பார்த்தேன். என் எதிரியைக் கையும் களவுமாகப் பிடிக்கப்போகிறேன் என்ற ஆவேசம்.

ஆசிட் சேர்த்தால் கருகிய உமி சாயத்தை இன்னும் நன்றாகப் பிடித்தது.

மறுபடி செய்தேன். மறுபடியும் அப்படியே. ஆசிட் அதிகமானதால் என் கருவி தோற்றிருக்கவே முடியாது. பெரியப்பா சொன்னது பொய். அப்படியென்றால் எதனால் தோற்றது? பட்டறைத் தண்ணீர் எல்லாமே அதைத் தோற்கடித்தது. சவுக்காரமும் அடர்ந்த சாயமும் சேர்ந்த எந்த நிஜத் தண்ணீரையும் அந்தச் சின்ன டின் ஒரு தடவையில் தெளியவைக்காது. என் கம்ப்யூட்டருக்கு, நன்றாகத் தெளிந்த தண்ணீர் இப்படி இருக்கும் என்று காட்ட ஒரு மாதிரிகூடக் கிடைக்கவில்லை. பார்த்துப் பொறுக்காத தோழி, குழாய்த் தண்ணீரில் ஒரு சிட்டிகைச் சாயப்பொடியைக் கலக்கிக் கொடுத்தாள். "சும்மா இத ஊத்திப் படம் எடுத்துக்கடி" என்றாள்.

ஊற்றினேன். ரோஜா நிறத்தில் உள்ளே போனது, கிணற்றுத் தண்ணீராக வெளியே வந்தது.

எனக்கு அந்த நிறம் தெரியும். நுரையில்லாத, சூடில்லாத, வாசனையில்லாத அந்தத் தண்ணீரை எனக்கு நன்றாகத் தெரியும். எட்டாம் வகுப்பில் நான் தினமும் வடிகட்டியது அதைத்தான். அந்த மாதங்களில் எங்கள் வீட்டுக்கு நூலே வரவில்லை. எங்களுக்கு நூல் கொடுத்த முதலாளி, புதிதாக வந்த ஒரு பெரிய பட்டறைக்கு மாறியிருந்தார் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அப்பா பகலெல்லாம் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அம்மா எங்கள் வீட்டு வறுமையை ஒரு சிட்டிகைச் சாயப்பொடியில் மறைத்திருக்கிறார். எதிர்வீட்டிலிருந்து பார்த்தவருக்குச் சாயத் தண்ணீர் எது, கலர் தண்ணீர் எது என்று தெரியாதா? நடுவர் அதை வாய்விட்டுச் சொல்வதற்கு ஒரு நொடி முன்னால் பெரியப்பா குறுக்கே வந்திருக்கிறார்.

ஊருக்குப் போனபோது பெரியப்பாவிடம் போனேன். "ஆசிட்டால அது கெட்டிருக்காது பெரியப்பா. நான் செஞ்சி பாத்துட்டேன்" என்றேன்.

"அப்படியா? எனக்கு இன்னா தெரியும்மா, நீ படிச்ச பொண்ணு" என்று தட்டில் முறுக்கை எடுத்து வைத்தார்.

தின்றேன். ஆனாலும் கோபம் போகவில்லை, ஆள்தான் மாறியது. கால்வாயைப் பார்த்து மனிதனை எடைபோட்ட தெருவின்மேல் கோபம். உதவியைக்கூடத் திருட்டுத்தனமாகச் செய்யவேண்டியிருந்த கௌரவத்தின்மேல் கோபம். என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று வீட்டார்மேலும் கோபம்தான். சொல்லியிருந்தால் நான் எதையாவது கவனித்திருப்பேன். பின்கட்டுக் கொடியில் அதே நாலு அரக்கு நூல் கழிகள் மாதக்கணக்கில் காய்ந்துகொண்டிருந்ததை. காலையில் அண்டா அடுப்பு தொட்டால் ஜில்லென்று இருந்ததை.

கவனிக்கவில்லை. கண்காட்சிக்கு முன்பு ஒருநாள் அம்மாவிடம் சலித்துக்கொண்டேன். "தெனமும் ரோஸாவே வருதேம்மா. நாளைக்கி நீலமா இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும்" என்றேன். அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் நீலம் வந்தது. எங்கள் வீட்டுக்கு நீல ஆர்டர் வந்திருக்கிறது என்று வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டேன்.